பழங்கணினிக்குப் புத்துயிர்

உடல் திடமாயிருப்பினும் உளம் சோர்ந்தவனால் ஒரு கருமமும் செவ்வனே ஆற்றப்படாது. கணினியும் அத்தகையதே. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெருவிலை கொடுத்து வாங்கப்பெற்று, பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியோரின் எழுத்துப் பணிக்கும் உறுதுணையாய் நின்ற கணினி, இன்று எத்துணையோ இல்லங்களிலே துணியால் மூடப்பெற்று மூலையிற் கிடக்கின்றது. அதனை இயக்கினால், திரை முழுதும் தெளிவதற்குள் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி முடித்துவிடலாம். ஒரு கடிதத்தைத் திறக்கச் சொன்னால் அது நெடுநேரம் சிந்திக்கின்றது. ‘இது பழுதாய்விட்டது, புதிதொன்று வாங்குக’ என்பார் பலர். அவர் கூற்று எல்லாவிடத்தும் உண்மையாகாது. பல வேளைகளிற் பழுதுற்றது பொறியன்று. பொறியை ஆளும் பணிசெயல் முறைமையே. அதனை முற்றாக நீக்கிப் புதிதாய் நிறுவுவது எங்ஙனம் என்பதை, இத்துறையிற் பயிற்சியில்லாதாரும் உணருமாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முறைமை என்பது யாது?

ஒரு கல்லூரியை எண்ணுக. கட்டடங்களும், மேசை வாங்குகளும், ஆய்வுகூடமும் இருந்துவிட்டால் மட்டும் கல்லூரி நடவாது. எவ்வகுப்பு எவ்வேளையில் எவ்வறையில் இருத்தல் வேண்டும் என நேரசூசி வகுப்பதற்கும், வரவுப் பதிவேடுகளைப் பேணுவதற்கும், வாயிலில் வருவோர் யாவர் என வினவுவதற்கும் ஒரு நிருவாகம் வேண்டும். கணினியில் அந்நிருவாகமே பணிசெயல் முறைமை எனப்படும். முறைவழியாக்கியின் நேரத்தைப் பல வேலைகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அது. நினைவகத்தில் ஒவ்வொரு செய்நிரலுக்கும் இடம் ஒதுக்குவது அது. வன்தட்டிலே கோப்புகள் எங்கெங்கு உள்ளன என்னும் அட்டவணையை வைத்திருப்பதும் அதுவே. விண்டோஸ், லினக்ஸ் என்பன இவ்வகை முறைமைகளாம்.

கட்டடம் இடியாமலே நிருவாகம் சீர்குலைதல் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல நாம் நிறுவியனவும், நாம் அறியாமலே வந்து புகுந்தனவுமாகிய செய்நிரல்கள் பெருகுகின்றன. அவற்றுட் பல, கணினி விழித்தெழும்போதே தாமும் எழுந்து நினைவகத்தைப் பற்றிக்கொள்கின்றன. நீக்கப்பட்ட செய்நிரல்களின் எச்சங்கள் நீங்காது தங்குகின்றன. தீங்கு செய்யும் நிரல்கள் ஒளிந்திருந்து இயங்குதலும் உண்டு. இவற்றை ஒவ்வொன்றாய்த் தேடிக் களைவதினும், அனைத்தையும் துடைத்துவிட்டுத் தூயதொரு முறைமையை நிறுவுதல் எளிதும் உறுதியுமாம்.

இன்னொரு காரணமும் உண்டு. முறைமையை ஆக்கியோர், அதிற் காணப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களைக் குறித்த காலம்வரையே வழங்குவர். 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு அக்காலம் 2014 ஏப்ரில் 8 ஆம் நாளில் முடிந்தது. 2009 இல் வெளிவந்த விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 இலும், 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 க்கு 2025 ஒக்டோபர் 14 இலும் அது முடிந்தது. இந்நாட்களுக்குப் பின்னரும் கணினி இயங்கும். ஆயின், பூட்டுப் பழுதான வீட்டில் உறங்குவதை ஒக்கும். வங்கிக் கணக்கை அதன் வாயிலாக நோக்குவோர் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும்.

நோயை முதலில் அறிக

நோய்க்கு முதல் நாடிப் பின்னரே மருந்து கொடுத்தல் வைத்தியன் கடன். மீள நிறுவுதலாற் தீராத நோய்களும் உள. வன்தட்டிலிருந்து ‘டக், டக்’ என்னும் ஓசை எழுமாயின், அல்லது ஒரே கோப்பைத் திறக்குந்தோறும் கணினி உறைந்து நிற்குமாயின், அத்தட்டு இறக்குந் தறுவாயில் உள்ளது. அதனை மாற்றாமல் முறைமையை மட்டும் மாற்றுதல் வீண். இயக்கிய சிறிது நேரத்திற் கொதித்து அணையுமாயின், விசிறியிலே தூசி அடைத்திருத்தல் கூடும். அதனைத் துப்புரவு செய்தலே மருந்து.

மணிக்கூடு ஒவ்வொரு நாளும் பழைய ஆண்டொன்றைக் காட்டுமாயின், தாய்ப்பலகையிலுள்ள காசு போன்ற சிறு மின்கலம் ஓய்ந்துவிட்டது எனக் கொள்க. மேசைக் கணினிகளில் அது பெரும்பாலும் சீ.ஆர். 2032 எனப் பொறிக்கப்பெற்ற 3 வோல்ற் கலமாகும். மிகச் சிறு செலவில் மாற்றலாம். இதனை அற்பமென எண்ணற்க. இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாட்காட்டி பிழைத்தால், நல்ல தளங்களையும் அது நம்ப மறுக்கும். இணைய இணைப்பே பழுதென்று பலர் அலைவதற்கு இச்சிறு கலமே காரணமாதலும் உண்டு.

உறுப்புகளிற் செலவு செய்ய இயலுமாயின் இரண்டு மாற்றங்கள் பெரும்பயன் தரும். ஒன்று, 2 ஜிகாபைற் நினைவகத்தை 4 ஆக உயர்த்துதல். மற்றையது, சுழலும் வன்தட்டை நீக்கித் திண்மநிலைத் தட்டை இடுதல். பழைய வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 தரம் சுழல்வது. ஒவ்வொரு சிறு கோப்புக்கும் அதன் வாசிப்பு முனை இடம்விட்டு இடம் நகர்ந்து காத்திருத்தல் வேண்டும். திண்மநிலைத் தட்டில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. ஆதலின் காத்திருப்பும் இல்லை. மந்தமான கணினி விரைவு பெறுவது பெரும்பாலும் இம்மாற்றத்தினாலேயே.

ஏடுகளைக் காத்தல்

இனி, இக்கருமத்தின் உயிர்நாடியான பகுதிக்கு வருகின்றோம். முறைமையை மீண்டும் நிறுவலாம்; பொறியை மீண்டும் வாங்கலாம். மறைந்த தாயாரின் நிழற்படமும், பேரப்பிள்ளை முதன்முதல் மழலை பேசிய ஒலிப்பதிவும் அழிந்தால் எக்கடையிலும் வாங்க இயலாது.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901), செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றியிராவிடின், பழந்தமிழ்ச் செல்வத்தின் ஒரு பகுதியை நாம் இழந்திருப்போம். கலித்தொகையை அவர் 1887 இற் பதிப்பித்தார். ஒரு படி பல படியானமையாலேயே அந்நூல் அழிவினின்றும் தப்பியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது, வேறிடங்களிற் படியிருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெற இயன்றது. ஒற்றைப் படியாயிருந்த ஏடுகள் என்றைக்குமாய் இல்லாதொழிந்தன. இவ்வுண்மையை நம் ஊரார்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. கணினியிலுள்ள கோப்புகளுக்கும் விதி இதுவே: ஒற்றைப் படியாய் உள்ள எதனையும் இருப்பதாகக் கணக்கிடலாகாது.

ஆதலின், நிறுவத் தொடங்குமுன் ஆவணங்கள், நிழற்படங்கள், ஒலி ஒளிப் பதிவுகள் யாவற்றையும் இரண்டு இடங்களிற் படியெடுக்க. ஒன்று புறத்தே இணைக்கும் வன்தட்டாகவும், மற்றையது பென்டிரைவாகவோ இணையச் சேமிப்பாகவோ இருக்கலாம். படியெடுத்தால் மட்டும் போதாது. அவற்றுட் சிலவற்றை வேறொரு கணினியிலே திறந்து பார்த்தல் வேண்டும். திறவாத படி, படியன்று.

பலரும் மறப்பன சில உள. திரைமுகப்பிலே கிடக்கும் கோப்புகள், பதிவிறக்கக் கோப்புறையிலுள்ளவை, இணைய உலாவியிற் சேமித்த முகவரிகளும் கடவுச்சொற்களும், கணினியிலேயே தங்கியுள்ள மின்னஞ்சல்கள், கணக்கு எழுதும் செய்நிரலின் தரவுகள் என்பன அவை. மீண்டும் விண்டோசையே நிறுவக் கருதுவோர், கணினியின் அடியிலோ பக்கத்திலோ ஒட்டப்பெற்றுள்ள 25 எழுத்துகள் கொண்ட உரிமத் திறவுகோலையும் எழுதி வைத்துக்கொள்க.

எம்மவர்க்கென்றே ஓர் இடரும் உண்டு. அது பாமினி எழுத்துருவாகும். பாமினியிலே தட்டெழுதப்பெற்ற கோப்பினுள் உண்மையில் இருப்பது தமிழெழுத்தன்று; ஆங்கில எழுத்துகளின் குறியெண்களே. அக்குறியெண்களின்மேல் எழுத்துருவானது தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகின்றது. முறைமையைத் துடைத்தழிக்கும்போது எழுத்துருவும் உடனழியும். அதன்பின் அக்கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே கண்ணிற்படும். சங்க அறிக்கைகள், கோயில் விழா மலர்கள், முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள் என எத்துணை ஆண்டுப் பணிகள் பாமினியில் உள்ளன என்பதை எண்ணுக. ஆதலின், எழுத்துருக் கோப்புறையினின்றும் பாமினியையும் அதன் இனத்தனவற்றையும் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. 1991 முதல் யுனிக்கோட் நியமத்திலே தமிழெழுத்துகளுக்குத் தனிக் குறியெண்கள் உள்ளன; அம்முறையில் எழுதியவை எக்கணினியிலும் தமிழாகவே தோன்றும். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றிக் கொடுக்கும் செய்நிரல்கள் உள. ஓய்வுள்ளபோது மாற்றி வைத்தல் வருங்காலத்தார்க்குச் செய்யும் உதவியாம்.

எதனை நிறுவுவது?

2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிற் முறைவழியாக்கியையும் 4 ஜிகாபைற் நினைவகத்தையும் 64 ஜிகாபைற் சேமிப்பையும், இவற்றோடு டீ.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு உறுப்பையும் வேண்டி நிற்கின்றது. 2010 அளவில் வாங்கப்பெற்ற கணினிகள் இத்தகுதியைப் பெறா. தடைகளைத் தாண்டி நிறுவும் குறுக்கு வழிகள் உள்ளனவாயினும், ஆக்கியோரே அவற்றுக்குப் பொறுப்பேலார். விண்டோஸ் 10 ஐ நிறுவுதல் கூடுமாயினும் அதன் காலம் கழிந்தமையை மேலே கூறினோம். வீட்டுப் பயனர்க்கென அறிவிக்கப்பெற்ற ஓராண்டு நீட்டிப்பும் 2026 ஒக்டோபரை எல்லையாகக் கொண்டதே.

ஈண்டு லினக்ஸ் நமக்குத் துணையாகின்றது. 1991 இல், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21 ஆவது வயதில் அதன் கருவைத் தொடக்கினார். அதனை எவரும் பயிலலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமத்தோடு வெளியிட்டமையால், உலகெங்குமுள்ள அறிஞர் அதனை வளர்த்தனர். ஒரு மாணவன் தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாது ஊருக்கு ஈந்தமையால் விளைந்த பயன் இது என்பதை, எம் இளந் தோழர்கள் கருதுவாராக. அக்கருவைக் கொண்டு ஆக்கப்பெற்ற தொகுப்புகள் பல. அவற்றுள், விண்டோசுக்குப் பழகியோர்க்கு எளிதானது லினக்ஸ் மின்ற்; அதிலும் எக்ஸ்.எஃப்.சீ.ஈ. என்னும் பதிப்புப் பழம்பொறிகளுக்கு இலகுவானது. 2 ஜிகாபைற் நினைவகத்தில் அது இயங்கும்; 4 இருந்தால் இடர்ப்பாடின்றி இயங்கும். தட்டில் 20 ஜிகாபைற் இடமேனும் வேண்டும். கடிதம் எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் இணையத்தை நோக்குவதற்கும் வேண்டிய செய்நிரல்கள் அதனுடனே விலையின்றி வருகின்றன.

இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது: விண்டோசுக்கென ஆக்கிய கணக்கியற் செய்நிரல்களும் சில அச்சுப்பொறிகளும் லினக்சில் இயங்காமற் போகலாம். அவை இன்றியமையாதவையெனின், பழைய விண்டோசை இணையத்தோடு தொடுக்காது அவ்வேலைக்கு மட்டும் வைத்திருத்தலே தக்கது. இரண்டாவது: 32 பிற் முறைவழியாக்கி கொண்ட மிகப் பழைய கணினிகளுக்கு வாயில்கள் அடைபட்டு வருகின்றன. லினக்ஸ் மின்ற் 2020 இல் வந்த 20 ஆம் பதிப்போடு அவற்றைக் கைவிட்டது. 2025 இல் வந்த டெபியன் 13 ஆம் பதிப்பும் அவற்றுக்குரிய நிறுவியை வழங்கவில்லை. எனினும், 2006 முதல் விற்கப்பெற்ற கோர் 2 டுவோ இனக் கணினிகள் 64 பிற் வகையின என்பதால், நம் இல்லங்களிலுள்ள பலவற்றுக்கு இத்தடையில்லை.

கடைகளிற் பூட்டுடைத்து விற்கப்படும் விண்டோஸ் படிகளை வாங்கற்க. உரிமப் பூட்டை உடைத்த கை, அதனுள் வேறு யாதை வைத்தது என்பதை நாம் அறியோம்.

நிறுவும் முறை

முதலில், நல்ல நிலையிலுள்ள வேறொரு கணினியில், தொகுப்பை வெளியிடுவோரின் சொந்தத் தளத்திலிருந்து நிறுவற் கோப்பைப் பதிவிறக்குக. அத்தளத்தில் 64 இலக்கங்கொண்ட சரிபார்ப்பு எண் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும். இறக்கிய கோப்பின் எண்ணைக் கணக்கிட்டு அதனோடு ஒப்பிடுக. ஓர் எழுத்து மாறினும் கோப்பு சிதைந்துள்ளது. மீண்டும் இறக்குதல் வேண்டும். பின்னர், 8 ஜிகாபைற் பென்டிரைவ் ஒன்றிலே, ரூஃபஸ் அல்லது எட்சர் போன்ற கருவியின் உதவியால் அதனை எழுதுக. கோப்பை வெறுமனே படியெடுத்து இடுதல் பயன்படாது. கணினி அதிலிருந்து விழித்தெழத்தக்க வகையில் எழுதுதல் வேண்டும். பென்டிரைவில் முன்னிருந்தவை யாவும் அழியும் என்பதை நினைவிற் கொள்க.

அடுத்து, பழங்கணினியிற் பென்டிரைவைச் செருகி இயக்குக. முதற்படம் திரையிலே தோன்றும்போதே எஃப்12, எஃப்9, எஃப்2, டெலீற் என்னும் விசைகளுள் அக்கணினிக்குரியதைத் திரும்பத் திரும்ப அழுத்தினால், எதிலிருந்து விழித்தெழுவது என வினவும் பட்டியல் வரும். அதிற் பென்டிரைவைத் தெரிவு செய்க. சற்று நேரத்தில் லினக்ஸ் மின்ற் திரையிற் தோன்றும். இன்னும் வன்தட்டில் எதுவும் மாறவில்லை. இந்நிலையிலேயே வைஃபை, ஒலி, விசைப்பலகை, சுட்டி ஆகியன இயங்குகின்றனவா எனச் சோதிக்கலாம். பெண் பார்த்துப் பொருத்தமும் பார்த்த பின்னரே நாட்குறிப்பது போன்றது இது. சில பழைய வைஃபை உறுப்புகளுக்குத் தனி இயக்கிநிரல் வேண்டும். அதனைப் பெறுமளவும் கம்பி வழி இணைப்போ கைப்பேசி வழி இணைப்போ கைவசம் இருத்தல் நன்று.

பொருத்தங் கண்டபின், படியெடுத்து வைத்த புறத்தட்டைக் கணினியினின்றும் கழற்றிவிடுக. இவ்வொரு செயலை எக்காரணத்தாலும் விடலாகாது. ஏனெனின், அடுத்த படியில் ‘தட்டை முழுதும் அழித்து நிறுவுக’ என்னும் தெரிவை அழுத்தப் போகின்றோம். இரு தட்டுகள் இணைந்திருப்பின், காக்க வேண்டியதையே அழித்துவிடும் அபாயம் உண்டு.

மின்சாரத்தையும் எண்ணுக. 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்தடையை நாம் அனுபவித்தோம். நிறுவுதல் பாதியில் நிற்குமாயின் பொறி கெடாது; ஆயின் முறைமை குறைப்பிறவியாய்விடும், தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்தல் வேண்டும். மேசைக் கணினியாயின் யூ.பி.எஸ். துணையோடும், மடிக்கணினியாயின் மின்னிணைப்போடும் செய்க.

இனித் திரையிலுள்ள ‘நிறுவுக’ என்னும் குறியை அழுத்துக. மொழி, விசைப்பலகை, நிறுவும் வகை என்பவற்றை அது முறையே வினவும். வகையிலே தட்டை முழுதும் அழிக்கும் தெரிவை எடுத்து, தட்டின் பெயரையும் அளவையும் நன்கு வாசித்த பின்னரே உறுதி கூறுக. கையொப்பமிட்ட உறுதியைப் போன்றது அது. பின்னர் மீளல் இல்லை. நேரவலயத்துக்குக் கொழும்பைக் காட்டி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால், எஞ்சியதை அது தானே செய்யும். பணி முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றி மீள இயக்குக.

நிறுவிய பின்னர்

முதற் கடன், வெளிவந்துள்ள திருத்தங்கள் யாவற்றையும் இறக்கி நிறுவுதலாம். அடுத்து, ரைம்ஷிஃப்ற் என்னும் கருவியால் இத்தூய நிலையைப் பதிந்து வைத்தால், பின்னர் முறைமை கெடினும் இந்நிலைக்கே மீளலாம். இது முறைமையைக் காப்பதேயன்றி, நம் ஆவணங்களைக் காப்பதன்று என்பதை உணர்க.

பின்னர்த் தமிழ் உள்ளீட்டைச் சேர்த்து, தமிழ்99 போன்ற விசைப்பலகை அமைப்பைத் தெரிவு செய்க. பாமினி எழுத்துருவையும் நிறுவுக. அதன்பின்னரே காத்து வைத்த ஆவணங்களை மீளக் கொணர்க. பழைய செய்நிரற் கோப்புகளை அவற்றோடு கொணரற்க. நோய்வாய்ப்பட்ட வீட்டின் பாயைப் புதுவீட்டில் விரித்தல் போலாகும். பிள்ளைகளுக்கு வேறு பயனர் கணக்கு ஒன்றை, முறைமையை மாற்றும் அதிகாரமின்றி ஆக்கிக் கொடுத்தல் நலம்.

புத்துயிர் பெற்ற கணினியைப் பிறர்க்கு வழங்கக் கருதுவோர்க்கு இன்னொன்று கூறுதும். விரைவாகத் துடைத்தழிக்கும்போது அழிவது கோப்புகளின் அட்டவணையே. கோப்புகள் வேறொன்றால் எழுதி மூடப்படுமளவும் தட்டிலேயே கிடக்கும். வல்லுநர் அவற்றை மீட்டெடுப்பர். ஆதலின், சுழல்தட்டாயின் அது முழுதையும் ஒருமுறை வெற்றெண்களால் எழுதி நிரப்பிய பின்னரே முறைமையை நிறுவிக் கொடுத்தல் வேண்டும். நம் குடும்பத்தின் கணக்கும் கடிதமும் அந்நியர் கையிற் சேரலாகாது.

இங்ஙனம் ஆற்றும் இப்பணிக்கு, அவசரமின்றிச் செய்வோர்க்கு ஒரு வார இறுதி போதும். அதிற் பெரும்பகுதி படியெடுப்பதிலேயே கழியும், கழிதலும் வேண்டும். 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது, திரையுள்ள வீட்டுப் பிள்ளை பாடங் கேட்டது. இல்லாத வீட்டுப் பிள்ளை கேளாதிருந்தது. அடுத்த ஆண்டிலே நாணயத்தின் மதிப்பு வீழ்ந்து, புதுக் கணினி என்பது பல பெற்றோர்க்கு எட்டாக் கனியாயிற்று. அதே வேளையில், எழுதவும் வாசிக்கவும் கணக்கிடவும் நிரலாக்கம் பயிலவும் போதுமான வலிமையுள்ள பொறிகள் நம் மூலைகளிற் தூசி படிந்து கிடந்தன, இன்றும் கிடக்கின்றன. கல்லூரி தன் விழாவைக் கொண்டாடும் இவ்வாண்டிலே, பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூலையை ஒருமுறை நோக்குவாராக. கல்லூரியிற் பயிலும் மாணவர், மேற்கூறிய முறையைத் தம் ஆசிரியர் முன்னிலையிலே செய்து பழகுவாராக. முன்னையோர் பொறியையும் இளையோர் கைத்திறனையும் ஈந்தால், கல்வி வேண்டி நிற்கும் ஒரு பிள்ளையின் மேசையில் அப்பழங்கணினி மீண்டும் விழித்தெழும். கல்லூரித் தாய்க்கு நாம் செலுத்தும் விழாக் காணிக்கைகளுள் அதுவும் ஒன்றாகுக.